மிளகின் அளவு

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனை எடுக்கமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கடிதத்தைக் கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் படும். அந்த இரண்டு வரி இதுதான்: அன்றைக்கு அத்தான் முன்னால் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. சொன்ன விஷயத்துக்காக இல்லை, சொன்ன நேரத்துக்கும் விதத்துக்கும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் வீட்டிலிருந்து கிளம்பி ஏழு மாதம் ஆகிறது. நாற்காலிக் கம்பெனியில் வரைபடம் போடும் வேலையை விட்டுவிட்டேன். இங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். மீதிப் பாதியில் ஜன்னல் கிரில் அடிக்கிறார்கள். பட்டறைக்குச் சொந்தக்காரர் ஐம்பது வயதுப் பெண்மணி. தெருவே அவரை வெல்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறது. மாடியில் எனக்கு ஓர் அறை. கட்டிலைப் போட்டதும் கதவு பாதிதான் திறக்கிறது. ஒருக்களித்து நுழைந்து பழகிவிட்டேன்.

என்ன செய்கிறேன் என்று நீயே ஊகித்திருப்பாய். வண்டிதான். நடக்க முடியாத சின்னப் பிள்ளைகள், ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும், தாங்களே கையால் உருட்டிக்கொண்டு போகிற வண்டி. கடைகளில் பெரியவர்களின் சக்கர நாற்காலியைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். அதில் குழந்தையை உட்காரவைத்தால் சக்கரம் காதுக்கு எட்டுகிறது, கைக்கு எட்டுவதில்லை. நல்லதாக வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், மோட்டார் சைக்கிள் விலைக்கு. நான் இருபது லிட்டர் பெயிண்ட் வாளியை வெட்டி இருக்கை செய்கிறேன். முன்பக்கத்தை வெட்டி எடுத்து, ஓரத்தில் ரப்பர் குழாயைக் கீறி மாட்டி, உள்ளே செருப்புக்குப் போடும் மெத்தென்ற ஷீட்டை ஒட்டினால், முதுகையும் இடுப்பையும் கட்டிப்பிடித்த மாதிரி பிடித்துக்கொள்கிறது. அடியில் பிளைவுட் பலகை, பக்கத்துக்கு ஒரு குட்டி சைக்கிளின் சக்கரம், முன்னால் உருளை. தரையிலிருந்து நான்கு விரல் உயரம்தான். கீழே விழுந்த பொம்மையைக் குழந்தை தானே எடுக்கலாம்.

ஒரு உதவி வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை எவ்வளவு, உட்கார்ந்தால் முழங்கை எந்த உயரத்தில் வரும் என்பதெல்லாம் எனக்குக் கிடைத்த புத்தகம் எதிலும் ஒழுங்காக இல்லை. என் நோட்டில் இருப்பது உன் பெண் மிளகின் அளவு ஒன்றுதான். அவள் தூங்கும்போது நூல் பிடித்து எடுத்தது. இதுவரை ஆறு பிள்ளைகளுக்கு ஆறு வண்டி செய்திருக்கிறேன். ஆறும் அந்த அளவிலிருந்து கூட்டியும் குறைத்தும் வந்தவை. அவள் இதற்குள் வளர்ந்திருப்பாள். புது அளவு அனுப்புவாயா? அவளை வண்டியில் உட்காரவைக்கச் சொல்லவில்லை. அளவு மட்டும்.

தம்பி

பிப்ரவரி 21

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. முழுதும் படித்தேன்.

அளவு அனுப்பமாட்டேன்.

நீ பேசியது உனக்கு மறந்திருக்கலாம், அதனால் எழுதுகிறேன். "அவ நடக்கப்போறதில்லக்கா. இன்னும் எத்தனை நாள் இடுப்புலயே வெச்சுக்குவ? சக்கரத்தைக் குடு அவளுக்கு." சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாய். மறுநாள் விடிந்தால் அவர் கப்பலுக்குப் போக வேண்டும். எஞ்சின் அறைக்குள் ஒரு வருஷத்துக்கும் மேல். நீ சொன்னதையும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். முன்பெல்லாம் போன் செய்தால் "இன்னிக்கு எவ்வளவு நேரம் நின்னா?" என்று கேட்பார். இப்போது "சாப்பிட்டாளா?" அதோடு சரி. அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து நீதான் பிடுங்கினாய்.

டாக்டர்கள் சொன்னது எனக்கும் தெரியும். பிறக்கும்போதே முதுகெலும்பின் அடியில் ஓர் இடம் மூடாமல் இருந்தது, மூடித் தைத்தார்கள், கால்களுக்குப் போக வேண்டிய சேதி பாதிதான் போகிறது. பாதி போகிறது அல்லவா? காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், காலில் பட்டையை மாட்டிக் கட்டில் கம்பியைப் பிடிக்கவைக்கிறேன். போன வாரம் பதினோரு நொடி நின்றாள். எண்ணியதும் நான், கைதட்டியதும் நான். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

சக்கரத்தில் சுகம் கண்ட பிள்ளை நிற்பதற்கு எதற்காகக் கஷ்டப்பட வேண்டும்? இதற்கு உன் நோட்டில் பதில் இருந்தால் எழுது.

என் பெண்ணின் அளவை ஆறு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் வேறு ஏதோ வந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை.

போன் செய்யாதே. உன் குரல் காதில் விழுந்தால் "மாமா எங்க, மாமா எங்க" என்று நாள் முழுக்க என் உயிரை வாங்குவாள். எழுதுவதானால் எழுது.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதுவதானால் எழுது என்றதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் பட்டறைக்கு இரட்டைப் பெண் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு வயது. ஒருத்தி ஓடுகிறாள். இன்னொருத்தி, உட்காரவைத்த இடத்திலிருந்தே ஓடுகிறவளைக் கண்ணால் துரத்துகிறாள். அவளை வண்டியில் வைத்துப் பெல்ட் மாட்டினேன். பத்து நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. அம்மா எதிரில் உட்கார்ந்து பொம்மையை ஆட்டினாள். அப்பா கையைத் தட்டினார். பிள்ளை மரப்பாச்சி மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்புறம் தற்செயலாகக் கை சக்கரத்தில் பட்டு வழுக்கியது. வண்டி ஒரு சாண் நகர்ந்தது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? திரும்பிப் பின்னால் பார்த்தாள், யார் தள்ளினார்கள் என்று. யாரும் இல்லை. இன்னொரு தடவை கையை வைத்தாள். நகர்ந்தது. மறுபடி திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. மூன்றாவது தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

நேராகச் சுவருக்குப் போனாள். பொம்மையிடம் இல்லை, அம்மாவிடமும் இல்லை. சுவரில் போய் முட்டி, உள்ளங்கையை அதில் வைத்து அழுத்திப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா பொம்மைதான் வேணும்போலன்னு நினைச்சு வாங்கிக் குவிச்சேன். செவுத்தைத் தொடணும்னு இருந்திருக்கா பாருங்க" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னாள்.

உன் கேள்விக்கு என் நோட்டில் பதில் இல்லை. இங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டேன். "பயிற்சியை யாரு நிறுத்தச் சொன்னா? அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. சொந்தமா நகர்ந்து பழகின பிள்ளைங்கதான் என்கிட்ட நல்லா முரண்டு பிடிக்குதுங்க. எனக்கு அதுதான் வேணும்" என்றார். நான் வாதம் செய்யவில்லை. காதில் விழுந்ததை எழுதினேன்.

ஒரு வண்டி முடிந்தால் பிள்ளையை அரை மணி நேரம் பார்க்கிறேன். அப்புறம் வண்டி போய்விடுகிறது, பிள்ளையும் போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும். ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்துவிட்டுத் திங்கள்கிழமை காலையில் வெல்டரம்மாவிடம் வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வருகிறது. "ஏன்பா, தொண்டைக்கும் எண்ணெய் விடணுமா?" என்கிறார்.

மிளகு என்ன புதிதாகப் பேசுகிறாள்? ஒன்றிரண்டாவது எழுது.

தம்பி

ஏப்ரல் 3

அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. வருவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த இரட்டைப் பிள்ளையின் வண்டி கவிழ்ந்துவிட்டது. வீட்டு வாசலில் ஒரு சின்னச் சரிவு. ஏறும்போது அவள் பின்னால் சாய்ந்திருக்கிறாள். வண்டி அப்படியே மல்லாந்துவிட்டது. பின்மண்டையில் இரண்டு தையல். மற்றபடி ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அவளுடைய அப்பா நேற்று வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறையின் நடுவில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். வாளியின் ஓரத்தில் ரத்தம் இருந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை. வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மற்ற ஆறு வீட்டுக்கும் போன் செய்து வண்டியை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன். நாற்காலிக் கம்பெனியில் பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறதாம். அடுத்த மாதம் சேர்ந்துவிடலாம் என்று இருக்கிறேன். நீ சொன்னதுதான் சரி. நல்லவேளை, அளவு அனுப்பவில்லை.

தம்பி

ஏப்ரல் 19

தம்பிக்கு,

நான் சொன்னதுதான் சரி என்று இனி ஒருபோதும் எழுதாதே. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் சரியாக இருந்து இந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேள்.

உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்பு, காலை பத்து மணி இருக்கும். மிளகைக் கூடத்துப் பாயில் உட்காரவைத்து வண்ணப் பென்சிலைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கீழ்த்தட்டிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் ஏதோ வெட்டின மாதிரி இருந்தது. அப்படியே தரையில் விழுந்துவிட்டேன். காலை மடக்க முடியவில்லை, திரும்ப முடியவில்லை. போன் கூடத்தில் மேசைமேல். மிளகுக்கு எட்டாது. அவளுக்கும் எனக்கும் நடுவில் எட்டு அடி தூரம்கூட இல்லை. நடுவில் சுவர் இருந்ததால் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.

"அம்மா, என்ன விழுந்துச்சு?"

"பாத்திரம்டி."

"நீ ஏன் பேசாம இருக்க?"

"படுத்திருக்கேன்."

"அங்கயா? பாய் இங்கல்ல இருக்கு."

"இடுப்பு வலிக்குது மிளகு. எந்திரிக்க முடியல."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அம்மா, நான் வேணா உன்னைத் தூக்கட்டா?"

அவள் பாயில் உரசுகிற சத்தம் கேட்டது. கையை ஊன்றி நகரப் பார்த்திருக்கிறாள். பாய்தான் சுருண்டுகொண்டு வந்ததே தவிர, அவள் வரவில்லை. "கொஞ்சம் இரும்மா, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படி அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். கீழ்வீட்டுத் தையல்காரம்மா ஜாக்கெட் கொடுக்க வந்து, கதவைத் தட்டி, உள்ளேயிருந்து மிளகு கத்தியதில் புரிந்துகொண்டு, ஆளைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வந்தார். மிளகின் இரண்டு முழங்கையும் தோல் வழன்று சிவந்திருந்தது.

எட்டு அடி, தம்பி. நாலு வருஷமாக அவளை நடக்கவைக்கிறேன் நடக்கவைக்கிறேன் என்று, எட்டு அடி நகர்வதற்கு ஒரு வழி செய்துகொடுக்கவில்லை நான்.

ஒரு வாரம் படுக்கையில் கிடந்தேன். இப்போது எழுந்து நடக்கிறேன். அவளைத் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். தூக்காமல் எப்படி என்று கேட்டேன். அதற்கு அவர் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளைக்குத் தையல் போட்டதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் நீ நாற்காலிக் கம்பெனிக்குப் போய் உட்கார்ந்துவிட்டால் அந்த வண்டியில் என்ன தப்பு என்று யார் பார்ப்பார்கள்? குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்காதே. கண்டுபிடி.

அளவு எடுத்தேன். தூங்கும்போது இல்லை, விழித்திருக்கும்போது. தோளிலிருந்து நடுவிரல் நுனி வரை நாற்பத்தொரு சென்டிமீட்டர். உட்கார்ந்தால் தரையிலிருந்து முழங்கைக்குப் பதிமூன்றரை. இடுப்பகலம் இருபத்திரண்டு. "எதுக்கு அளக்கற?" என்றாள். மாமா வண்டி செய்யப்போகிறான் என்றேன். "யாரு தள்ளுவா?" என்றாள். நீயேதான் என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "பிரேக் இருக்குமா?" என்று கேட்டாள். எழுதச் சொன்னாயே, இதுதான் அவள் புதிதாகப் பேசியது.

அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. பாய் சுருண்ட இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன்.

கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன் மூன்று நாள் அந்த வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்டரம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, "என்னப்பா, பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி எதிர்லயே உக்காந்திருக்க? திருப்பிப் போட்டு அடியைப் பாரு, எங்க தப்புன்னு அதுவே சொல்லும்" என்றார்.

சொல்லத்தான் செய்தது. சின்னக் கைக்கு லேசாகத் திரும்ப வேண்டுமே என்று அச்சை நேராக உடம்பின் எடைக்குக் கீழே வைத்திருந்தேன். சமதளத்தில் பஞ்சு மாதிரி திரும்பும். சரிவில் தலை பின்னால் போனால் வண்டியும் பின்னால் போகும். இந்த வயதில் பிள்ளைகளுக்குத் தலைதான் கனம், பெரியவர்கள் மாதிரி இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. இப்போது அச்சை இரண்டு விரற்கடை பின்னுக்குத் தள்ளி, பின்பக்கம் தரையை ஒட்டினாற்போல இரண்டு குட்டி உருளை வைத்திருக்கிறேன். சாய்ந்தால் அவை தாங்கிக்கொள்ளும். திரும்புவது முன்னைவிடக் கொஞ்சம் கனம். மணல் மூட்டையைக் கட்டிச் சரிவில் ஏற்றி, பின்னால் பிடித்து இழுத்து, நாற்பது தடவை கவிழ்க்கப் பார்த்தேன். கவிழவில்லை. ஆறு வண்டியையும் வாங்கிவந்து மாற்றிக் கொடுத்தாயிற்று.

ஏழாவதை எடுத்துக்கொண்டு அந்த இரட்டைப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போனேன். அப்பாதான் கதவைத் திறந்தார். "நீங்க நல்லவர்தான் சார். ஆனா தையல் போட்டது என் பொண்ணுக்கு" என்றார். நியாயம்தானே. மூடிவிடுவார் என்று நினைத்தேன். மூடவில்லை, வண்டியைத் தரையில் வைத்து அதன் முதுகில் தன் முழங்காலை ஊன்றி, உடம்பு எடையெல்லாம் போட்டு அழுத்தினார். சரிவில் வைத்து அழுத்தினார். இன்னும் வலுவாக அழுத்தினார். கடைசியில் "வெச்சுட்டுப் போங்க" என்றார். பிள்ளை உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

மிளகின் வண்டியை நேற்று பார்சலில் போட்டுவிட்டேன். பிரேக் இருக்கிறது, இடது பக்கம், சிவப்புக் கைப்பிடி.

அன்றைக்கு நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. அன்று சாயங்காலம் மிளகைத் தூக்கிக்கொண்டு நீ மாடிப்படி ஏறினாய். பாதிப் படியில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு மூச்சு வாங்கினாய். நான் கீழே நின்றிருந்தேன். உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவளைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் அக்கா.

தம்பி

ஜூலை 7

தம்பிக்கு,

வண்டி பத்திரமாக வந்தது. தாமதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் குறைகள். வலது சக்கரம் கிறீச்சிடுகிறது. ஆனால் எண்ணெய் விடச் சொல்லி எழுதிவிடாதே, அந்தச் சத்தத்தை வைத்துத்தான் ஆள் எங்கே என்று கண்டுபிடிக்கிறேன். பெல்ட் கொக்கியை மூன்றாம் நாளே தானாகக் கழற்றக் கற்றுக்கொண்டுவிட்டாள். அடுத்த பிள்ளைகளுக்கு வேறு கொக்கி போடு. பயிற்சியை நிறுத்தவில்லை. உன் பயிற்சி அம்மா சொன்னது சரிதான், இப்போது நன்றாக முரண்டு பிடிக்கிறாள். நேற்று "போதும், எறக்கி வண்டில விடு" என்று கட்டளை போட்டாள்.

போன வாரம் அவர் போன் செய்தார். "எங்க அவ?" என்றார். "தெரியல, உள்ள எங்கயோ இருக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. மறுமுனையில் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. "தெரியலயா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அப்புறம் லைன் போய்விட்டதா, அவர்தான் வைத்துவிட்டாரா தெரியவில்லை. அடுத்த மாதம் லீவில் வருகிறார். நீயும் வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போ. உன்னை நான் முழுதாக மன்னித்துவிடவில்லை, அதையும் வந்து நேரிலேயே பேசிக்கொள்ளலாம். படிக்கட்டில் நின்றதைப் பார்த்தவன் ஓடிவந்து பிள்ளையை வாங்கியிருக்க வேண்டாமா?

சரி, அவள் முதன்முதலாக வண்டியை உருட்டிய நாள். எழுத வெட்கமாக இருந்ததால்தான் இத்தனை தள்ளிப்போட்டேன்.

வண்டி வந்து மூன்று நாள் அதில் உட்கார்ந்து சாப்பிட்டாள், படம் வரைந்தாள், சக்கரத்தைத் தொடவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. நாலாம் நாள் மத்தியானம். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கிறீச்சென்றது. திரும்பினால், என் பக்கமாக வந்துகொண்டிருக்கிறாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும், ஒரு சாண், இன்னொரு சாண். மடித்த துணியெல்லாம் சரிந்து விழுந்தது. நான் மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காத்திருந்தேன். எத்தனை வருஷமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன், அவள் என்னிடம் வருவதை. காலால் வருவதாகத்தான் நினைத்திருந்தேன். பரவாயில்லை, இப்படித்தான் என்றால் இப்படி.

அவள் என் கையைத் தாண்டிப் போனாள். "வழி விடும்மா" என்றாள். படுக்கையறைக்குள் நுழைந்தாள். முன் உருளையால் கதவை இடித்து இடித்து உள்ளேயிருந்து சாத்திக்கொண்டாள்.

நான் நீட்டிய கை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே அலமாரியின் கீழ் டிராயர் திறக்கிற சத்தம். என்னென்னவோ விழுகிற சத்தம். அவள் தனக்குத்தானே பேசிக்கொள்கிற சத்தம். கால் மணி நேரம் ஆயிற்று. நான் விழுந்து கிடந்த அன்றைக்குத் தவிர, நாலு வருஷத்தில் அவள் இல்லாமல் ஓர் அறையில் நான் அவ்வளவு நேரம் இருந்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை, தம்பி. மடியில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி துணியை மடித்தேன், மடித்ததையே பிரித்து மடித்தேன்.

கடைசியில் பொறுக்கமுடியாமல், "மிளகு, இங்க வா" என்று கூப்பிட்டேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது, அவள் பிறந்ததிலிருந்து நான் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை என்று. எப்படிச் சொல்வேன்? நான்தானே எப்போதும் போவேன்.

உள்ளே சத்தம் நின்றது. யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"வரமாட்டேன்" என்றாள். "எனக்கு வேலை இருக்கு."

அக்கா